சர்வருக்கு வைத்த சந்தனம்

நாள்காட்டித் தாளின் மூலையில் பென்சிலால் இருபத்தொன்பது என்று எழுதினாள் பூர்ணிமா. இன்னும் ஒரே ஒரு தாள். நாளைக்கு அதிலும் ஓர் எண்ணை எழுதிவிட்டால், இந்த ஊரை விட்டு அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை.

இந்த எண்ணிக்கையைத் தொடங்கி வைத்தவன் அவள் கணவன் நந்தகுமார்தான்.

"முப்பது நாள் பூர்ணி. ஒரு தடவகூட நிக்காம உன் சர்வர் ஓடட்டும். நான் ஐதராபாத் வேலைப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று சென்ற மாதம் அவன் சொன்னபோது அவன் குரலில் கேலி இல்லை. அதனால்தான் அவள் நம்பினாள்.

சென்னையில் இரண்டு பேருக்கும் வேலை போனதும், மாமனார் தங்கராசுவுக்கு இடது கை இழுத்துக்கொண்டதும் ஒரே மாதத்தில் நடந்தது. விருத்தாசலத்துக்கு வந்து ஒன்றேகால் வருடம் ஆகிவிட்டது. பீங்கான் பேட்டையில் மாமனாருக்கு அகல் விளக்குப் பட்டறை. அதைப் போல முப்பதுக்கு மேல் பட்டறைகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொதுச் சூளை. யார் சரக்கு எந்த நாள், எந்த வண்டியில் சூளைக்குள் போகும் என்பதைச் சங்கச் செயலாளர் ராஜாங்கம் ஒரு நோட்டில் எழுதி வந்தார். நோட்டு முழுக்க அடித்தல், திருத்தல். அதற்கு மேல் சண்டை.

அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் பூர்ணிமா ஒரு செயலி எழுதினாள். செல்போனிலேயே முறை பதியலாம்; பதிந்ததும் மெசேஜ் வரும். முதலில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சர்வரில் வாடகைக்கு ஓடியது. ஒரு நாள் காரணம் சொல்லாமல் அவள் கணக்கை முடக்கிவிட்டார்கள். போன் போட்டுக் கேட்க அந்தப் பக்கம் மனிதர் ஒருவரும் இல்லை.

அன்றைக்கு முடிவு செய்தாள். இனி நம் வீட்டில், நம் மிஷினில்.

கற்றுக்கொண்டதெல்லாம் அடிபட்டுத்தான். சர்வருக்குள் வெளியாள் நுழையாமல் பூட்டுப் போடப் போய், ஒரு நாள் தன்னையே வெளியே நிறுத்திப் பூட்டிக்கொண்டாள். இன்னொரு நாள், பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்ததில் எல்லோர் போனிலும் சிவப்பு எச்சரிக்கை வந்தது. "என் போனுக்குப் பேய் புடிச்சிருக்குது பூர்ணிமா" என்று மங்கலம்பேட்டையிலிருந்து பொம்மை செய்யும் ரசியா பேகம் அலறினாள். மின்சாரம் போய் வந்தால் தானாக எழுந்து ஓடும்படி மிஷினைப் பழக்கினாள். செய்த ஒவ்வொன்றையும் ஒரு நீல நோட்டில் படிப்படியாக எழுதி வைத்தாள். முப்பது நாள் கணக்கு ராஜாங்கம் வரை பேட்டை முழுக்கத் தெரியும்.

"பூர்ணிமா, இன்னிக்கு உன் மிஷினையும் பூஜையில வெச்சிடட்டுமா?"

மாமியார் சொர்ணாம்பாள் சமையலறையிலிருந்து கேட்டபோது பூர்ணிமா வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தாள். ஹெல்மெட்டுக்குள்ளும் அவள் முகம் மலர்ந்தது. ஒரு வருடமாக அத்தைக்கு அது 'அந்தப் பொட்டி'. இன்றைக்குத்தான் 'உன் மிஷின்'.

"வைங்க அத்தை! போயிட்டு வரேன்" என்று கத்திவிட்டுக் கிளம்பினாள்.

*

பேட்டையில் பட்டறைக்குப் பட்டறை வாழைக்கன்று கட்டியிருந்தது. மண் பிசையும் மிஷின்கள் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, ஓய்ந்து நின்றன. சூளை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சூளைக்கு ஆயுதபூஜையானாலும் ஓய்வு கிடையாது. ஒரு முறை ஆறிப்போனால் உள்செங்கல் வெடித்துவிடும். எட்ட நின்று கதவில் சந்தனத்தைத் தெளித்து, கற்பூரம் காட்டுவதோடு சரி.

ராஜாங்கம் சூளைக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பொரிப் பொட்டலம்.

"வாம்மா மகராசி. நாளைக்கு மொத வண்டி யாருதுன்னு உன் பொட்டியக் கேட்டுச் சொல்லு."

பூர்ணிமா போனைத் திறந்தாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெட்டு கொஞ்சம் ஸ்லோவா இருக்குது."

"என் நோட்டுக்கு ஸ்லோன்னு ஒண்ணும் கெடையாது பாரு" என்று ராஜாங்கம் பொரியை வாயில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் தங்கள் போனைப் பார்த்தார்கள். "எனக்கும் வல்ல." "எனக்கும்."

நந்தகுமாரை அழைத்தாள். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க, நெட் கம்பி அறுந்திருக்க வேண்டும், அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஸ்கூட்டரை ஓட்டினாள்.

கம்பி அறுந்திருக்கவில்லை.

கூடத்தில் பலகை போட்டிருந்தது. தையல் மிஷின், எடைத்தராசு, மாமனாரின் விளக்கு அச்சுகள். நடுவில் அவளுடைய சர்வர். தூசி ஒரு பொட்டு இல்லை. மூன்று பட்டை விபூதி, சந்தனம், குங்குமம், மேலே சாமந்திச் சரம். மின்வயரை அழகாகச் சுருட்டி மஞ்சள் நூலால் முடிச்சுப் போட்டிருந்தாள் சொர்ணாம்பாள்.

"அத்தை! யாரு இதப் புடுங்கினது?"

"நான்தாம்மா." சொர்ணாம்பாள் ஈரக் கையோடு வந்தாள். "வயர எடுத்ததும் அந்தப் பேட்டரிப் பொட்டி கீகீன்னு கத்துச்சு. பட்டன அமுக்கிப் புடிச்சேன், அடங்கிடுச்சு. ஓடுற மிஷினுக்கா பொட்டு வெப்பாங்க? நாளைக்கு விஜயதசமி. நல்ல நேரத்துல நீயே எடுத்து ஓட்டு."

"போச்சு. எல்லாம் போச்சு. தெரியாத பொருளத் தொடாதீங்கன்னு எத்தன தடவ அத்தை சொல்றது? ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் தானே இருந்துச்சு!"

தொடாதீர்கள் என்று அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை. காலையில் கேட்டபோது வைங்க என்றது அவள்தான். அது நினைவுக்கு வருவதற்குள் வார்த்தை வெளியே விழுந்துவிட்டது.

"பூர்ணிமா" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த தங்கராசு. சொர்ணாம்பாள் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

*

மஞ்சள் நூலை அவிழ்த்து வயரைச் செருகியபோது மிஷினுக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். ஓடவில்லை.

பழைய டிஸ்க். கடலூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடிக்கொண்டே இருந்தவரை ஓடியது. நிறுத்தியதும் அதன் உயிர் நின்றுவிட்டது. எத்தனை முறை முயன்றும் அதே டிக், டிக்.

உதிரி டிஸ்க் ஒன்று கையில் இருந்தது. நீல நோட்டைத் திறந்து முதல் படியிலிருந்து ஆரம்பித்தாள். போன வருடம் இதே வேலைக்கு ஒன்பது நாள் ஆயிற்று. இன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் செயலி எழுந்து நின்றது. வேறொரு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். எழுந்து நின்றது வெறும் வீடு. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை.

பெயர்கள் கருப்பு டிஸ்கில் இருந்தன. தினம் ஒரு நகல் தானாகப் போய் அதில் உட்காரும்படி செய்திருந்தாள். சர்வர் இருந்த மேஜையின் பின்பக்கம் கையை விட்டாள். சுவர்தான் தட்டுப்பட்டது.

"அத்தை..." குரல் தணிந்துவிட்டது. "இங்க சின்னதா ஒரு கருப்பு டப்பா இருக்குமே. அதையும் பூஜையில வெச்சீங்களா?"

"அது இங்க இல்லியேம்மா. நந்து எடுத்துட்டுப் போனானே. மஹாளய அமாவாசைக்கு மொத நாளு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனம் அங்க தொடைக்கிறது நான்தான? பேட்டை மண்ணு மாவு மாதிரி உள்ளாற போயி ஒக்காந்துக்குது. ஃபேனு அடைச்சுக்குமேன்னு பழைய பெயிண்ட் ப்ரஷ்ஷால தட்டி வுடுவேன். டப்பாவக் காணோம்னதும் நீதான் குடுத்திருப்பேன்னு நெனச்சேன்."

மிஷின் சூடே ஆகவில்லை, நம் அமைப்பு அவ்வளவு கச்சிதம் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டிருந்தாள் பூர்ணிமா.

மஹாளய அமாவாசைக்கு முதல் நாள் என்றால் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நகல் எடுக்கும் வேலை தோற்று, தோற்றதை மிஷினுக்குள் ஏதோ ஒரு மூலையில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மூலையைத் தினமும் பார் என்று நீல நோட்டில் ஒரு வரி இல்லை. கார்த்திகைக்கு விளக்குச் சரக்கு குவியும் பதினோரு நாள் அது.

டிஸ்க் பீரோவில் நந்தகுமாரின் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. கம்ப்யூட்டரில் செருகினாள். அவள் எடுத்த நகல்களுக்குக் கீழே புதிதாக ஒரு ஃபோல்டர். அதில் அவன் டிகிரி, அனுபவச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் படம். கடைசியில் ஐதராபாத் கம்பெனியின் வேலைக் கடிதம். அடியில் சம்மதம் என்று அவன் கையெழுத்து. பக்கத்தில் தேதி.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பதினெட்டாவது நாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. கூடத்தில் அத்தை சத்தமில்லாமல் பாத்திரம் எடுத்து வைப்பது மட்டும் கேட்டது. திட்ட வேண்டிய ஆளை விட்டுவிட்டு யாரைத் திட்டினோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

சொர்ணாம்பாள் கதவோரம் வந்து நின்றாள். கையில் அவளுடைய செல்போன்.

"ஏம்மா, உன் மிஷினு எல்லாருக்கும் மெசேஜ் அனுப்புமில்ல? என்னுது அழிக்காம கெடக்குது பாரு. நம்ம பட்டறைக்கு நான் பதிஞ்சது. நாளானிக்கு ரெண்டாவது வண்டி."

"நீங்களா பதிஞ்சீங்க?"

"பின்ன, ஒரு கையி வராத ஆளா பதிவாரு?" சொர்ணாம்பாள் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னிக்கு எல்லாரும் பூஜைக்குப் பட்டறையிலதான் இருப்பாங்க. வா, கேட்டு எழுதிக்கிட்டு வந்துடுவோம்."

*

மருமகள் ஸ்கூட்டர் ஓட்ட, மாமியார் பின்னால் நோட்டோடு உட்கார்ந்தாள். பட்டறைக்குப் பட்டறை இறங்கினார்கள். ஒவ்வொருவரும் போனைத் தேய்த்துத் தேய்த்து மெசேஜைத் தேடிப் படித்தார்கள். சொர்ணாம்பாள் எழுதினாள்.

"ஆயுதபூஜைக்கு எல்லாரும் பொரி வாங்கிட்டுப் போவாங்க. நீங்க என்னாடான்னா மெசேஜ் வாங்க வந்திருக்கீங்க" என்றார் ஒருவர். பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலைக்குள் அந்தப் பதினோரு நாள் பதிவுகள் அநேகமாக எல்லாம் கிடைத்துவிட்டன. மிச்சம் நாளைய முதல் வண்டி. விருத்தகிரி என்ற பட்டறைக்காரர் அது தன்னுடையது என்றார், மெசேஜை அழித்துவிட்டாராம். ரசியா பேகம் தன்னுடையது என்றாள். வீட்டுக்காரர் சவுதியில் இருக்க, இவள் தனியாக ஆரம்பித்த பொம்மைப் பட்டறை. சொந்தச் சரக்கோடு சூளைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"என் போனு போன வாரம் வாளித் தண்ணியில வுழுந்துடுச்சு பூர்ணிமா. மெசேஜுக்கு எங்க போவேன்? அல்லா சத்தியமா பதிஞ்சேன். நீதான பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுத்தே?"

பூர்ணிமாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அதையே ராஜாங்கத்திடம் சொன்னாள்.

"உன் ஞாபகத்த வெச்சு வண்டி வுடறதுக்கு என் நோட்டே தேவலியேம்மா" என்றார் அவர். இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை. "ரெண்டு பேருகிட்டயும் சாட்சி இல்ல. சங்கத்துல மூத்தவரு விருத்தகிரி. வண்டி அவருக்கு. உன் முப்பது நாளு இன்னியோட நின்னுது. ஓட்டணும்னா மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணு."

துணி விரித்த தட்டுகளில் ரசியா பேகத்தின் பொம்மைகள் சுடாத வெள்ளையாய் வரிசையாக நின்றன.

சொர்ணாம்பாள் நோட்டைப் புரட்டினாள். தங்கள் பெயர் இருந்த வரியை அடித்தாள்.

"எங்க வண்டிய இந்தப் பொண்ணுக்கு எழுதுங்க."

"உங்க விளக்கு?" என்றார் ராஜாங்கம்.

"காயட்டும்."

திரும்பும்போது இருட்டவில்லை. சூளைக் கதவைத் தாண்டும்போது வெக்கை முகத்தில் அடித்தது. கதவில் காலையில் தெளித்த சந்தனம் பொரிந்து காய்ந்திருந்தது. பின்னாலிருந்து சொர்ணாம்பாள் கேட்டாள்.

"ஏம்மா, உன் மிஷின நிறுத்தவே கூடாதா?"

"கூடாது அத்தை."

"சூளை மாதிரியா?"

பூர்ணிமாவின் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது.

"ஆமா அத்தை. சூளை மாதிரி."

"அத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா." குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "சூளைக்கு எட்ட நின்னுதான் சந்தனம் வெக்கணும்னு எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருசமா வெக்கிறேன்."

"மன்னிச்சுடுங்க அத்தை."

"வுடு. வண்டிய எடு."

*

நந்தகுமார் பூசணிக்காயும் பூவுமாக வந்தபோது சர்வர் அதன் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. விபூதியையும் சந்தனத்தையும் பூர்ணிமா துடைக்கவில்லை. மேஜை மேல் கருப்பு டிஸ்க். அதைப் பார்த்ததும் அவன் காய்கறிப் பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"பூர்ணி, நானே சொல்லணும்னுதான்..."

"பதினெட்டாவது நாள் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மீதி பதினோரு நாள் நான் யாருக்காக எண்ணினேன்?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"நின்னுடும்னு நெனச்சீங்களா?"

"நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றான் நந்தகுமார். "அதனாலதான் போட்டேன். நீ இங்க ஒண்ணு கட்டி எழுப்பிட்டே. நான் அப்பா அச்சுல கை வெச்சா விளக்கு உடையுது. வண்டி தள்றேன், பூ வாங்கிட்டு வரேன். முப்பது நாள் முடிஞ்சுட்டா வாயத் தொறக்க முடியாது பூர்ணி."

அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. திட்டுவதற்கு வார்த்தை தேடினாள். இன்றைய வார்த்தைகள் காலையிலேயே தீர்ந்துபோயிருந்தன.

"அடுத்த வாரக் கடைசியில ரயிலு. ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன்."

பூர்ணிமா சர்வர் பக்கம் திரும்பினாள். கூடத்தில் சொர்ணாம்பாள் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். போகிற வழியில், பழைய அட்டைத் துண்டு ஒன்றை மஞ்சள் நூலில் கோத்து சர்வர் மேல் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். குண்டு குண்டாக அவள் கையெழுத்து: 'இது சூளை. யாரும் நிறுத்தக் கூடாது.'

பூர்ணிமா அதைப் படித்தாள். பிறகு நாள்காட்டியிடம் போனாள். மூலையில் இருந்த இருபத்தொன்பதை அழித்தாள். தாளைக் கிழித்தாள். புதுத் தாளின் மூலையில் பென்சிலை வைத்து நின்றாள். ஒன்று என்று எழுதினால் முப்பதுவரை எண்ணியாக வேண்டும். எண்ண வேண்டுமானால் இங்கே இருந்தாக வேண்டும்.

எழுதினாள்.

"அப்போ அந்த ரெண்டாவது டிக்கெட்டு?" என்றான் நந்தகுமார் பின்னாலிருந்து.

கூடத்தில் பூஜை மணியை எடுத்த சொர்ணாம்பாளின் கை, ஆட்டாமல் அப்படியே நின்றது.